கை நனைக்காமல் நான்கு நாள்

போலந்து நாட்டில் ஓர் ஊருக்குப் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தேன். ஊரின் பெயரைச் சொல்ல ஆசைதான். தமிழில் எழுதிப் பார்த்தேன். முதல் நான்கு எழுத்துக்கும் வரிசையாகப் புள்ளி வைக்க வேண்டியிருந்தது, அதற்குப் பிறகுதான் ஓர் உயிரெழுத்து பாவம் பார்த்து வந்து சேர்ந்தது. படிப்பவர்களுக்கு மூச்சு முட்டும் என்பதால் விட்டுவிடுகிறேன். ஓர் ஆறு, ஆற்றங்கரையில் ஓர் ஆலை, ஆலைக்காக ஓர் ஊர். வெளிநாடு போய்வந்தவர்கள் படம் காட்டுகிற கோபுரமோ அருவியோ அங்கே கிடையாது. இருந்திருந்தாலும் பார்க்க எனக்கு நேரம் இருந்திருக்காது. நான் போனது பெண் பார்க்க.

எங்கள் ஒரே மகன் சொக்கலிங்கம் அந்த ஆலையில் இன்ஜினியர். லிஃப்டுக்கும் கிரேனுக்கும் போடுகிற இரும்புக் கயிறு திரிக்கிற ஆலை. மூன்று வருடமாக அங்கே கயிறு திரித்தவன் எங்களிடமும் அதையே செய்துகொண்டிருந்திருக்கிறான். ஜாதகத்தை எடுக்கட்டுமா என்று கேட்டபோதெல்லாம், "இப்ப என்ன அவசரம் ஆத்தா" என்பான். அவசரம் இல்லாததற்கான காரணம் ஒருநாள் போட்டோவாக வந்து சேர்ந்தது. கீழே ஆங்கில எழுத்தில் பெயர். என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"காசியா. காசி. பேரு நல்ல பேருதான்."

"காஷான்னு சொல்லணும் அப்பச்சி," என்றான் மகன் போனில்.

"அதத்தானடா நானும் சொல்றேன். காசி."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பெண் காசி. பெயர் பிடித்ததே தவிர சம்பந்தம் பிடித்ததாக அர்த்தம் இல்லை. யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அரிமளத்தில் எங்களுக்கு உரக்கடை இருக்கிறது. அதை ஒரு வாரம் பூட்டினால் புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தப் பயிரும் முளைக்காது என்பது என் வீட்டுக்காரரின் உறுதியான கருத்து. நானோ அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வந்த கோப்பில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதில் முப்பது வருட அனுபவம். ஆகவே என்னை அனுப்புவது என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறியது.

திருச்சி விமான நிலையத்தில் வழியனுப்ப வந்தவர் கடைசியாக ஒன்றே ஒன்று சொன்னார். "போ, பாரு, பேசு. கை மட்டும் நனைச்சிராத."

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெண் பார்க்கப் போன வீட்டில் காபி குடிக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். உட்கார்ந்து சாப்பிட்டுக் கை கழுவக் கூடாது. கழுவினால் கை நனைத்தாயிற்று, சம்பந்தம் முடிந்தாயிற்று. பத்திரம், சாட்சி எதுவும் தேவையில்லை. ஈரக்கைதான் கையெழுத்து.

எனக்கு அங்கே கையெழுத்துப் போடும் உத்தேசமே இல்லை. குறை ஒன்று கிடைத்தால் போதும், கோப்பைத் திருப்பிவிடலாம் என்றுதான் போனேன். பெண் வீட்டார் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கல்யாணம் அங்கே ஆகிவிட்டால் மகன் அந்த ஆற்றங்கரையிலேயே தங்கிவிடுவான், அதுதான் பயம். இதை வீட்டுக்காரரிடம்கூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

முதல் நாள் காலையில் மகன் ஊரைச் சுற்றிக் காட்டினான். பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. ஒரு பாலம், இன்னொரு பாலம், இரண்டுக்கும் நடுவில் அவன் வேலை பார்க்கும் ஆலை. ஆற்றில் கரைக்குக் கரை தண்ணீர். எங்கள் வெள்ளாற்றில் இப்படி வந்தால் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்ப்போம். இங்கே ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பழைய கட்டடத்தின் சுவரில் என் தலைக்கு மேலே கோடு ஒன்று போட்டிருந்தது. எப்போதோ வெள்ளம் அதுவரை வந்ததாம். மகன் அதைப் பெருமையாகக் காட்டினான். எங்கள் ஊரில் தண்ணீர் மட்டத்துக்குக் கோடு போடுவதென்றால் போர்வெல்லுக்குள் இறங்கித்தான் போட வேண்டும்.

கரையில் நாற்காலி போட்டு நான்கைந்து பேர் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முழங்கை நீளத்துக்கு மீன் பிடித்தார். அதைத் தூக்கி அழகு பார்த்தார், போட்டோ எடுத்தார், திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டார். எங்கள் கண்மாயில் மீன்பிடித் திருவிழா என்றால் ஊரே சேற்றில் இறங்கும். விரல் நீள மீனையும் கூடைக்குள் போடாமல் கரை ஏற மாட்டார்கள். பிடித்ததை விட்டுவிடுகிற ஊரில் என் மகனை மட்டும் விட மாட்டேன் என்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பெண் வீட்டுக்குப் போனோம். மூன்றாவது மாடி. வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். நான் எழுதி வைத்திருந்த குறைகளில் முதல் குறை அங்கேயே அடிபட்டுப் போயிற்று. காசியின் அப்பா ஆலையின் ஸ்டோரில் வேலை செய்பவர். ஆள் கதவு உயரம். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "யான்," என்றார். அவ்வளவு தூய தமிழில் எங்கள் மாவட்டத்தில் ஒருவரும் என்னிடம் தன்னை அறிமுகம் செய்துகொண்டதில்லை. பிறகுதான் தெரிந்தது, அவர் பெயரே அதுதானாம். அம்மா பெயர் பொஷெனா. குட்டையாக, சிவந்த கன்னத்தோடு, வந்தவர் வாயைத் திறப்பதற்குள் தட்டை வைத்துவிடுகிற பெண்மணி. இந்த ரகம் எங்கள் ஊரில் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள்.

காசி அறையிலிருந்து வந்தது. அப்பாவின் உயரத்தில் பாதியாவது குறைந்திருக்கும் என்று நம்பியிருந்தேன். இல்லை. கையில் சிறு நோட்டுப் புத்தகம்.

"வாங்க அத்தை. இங்கிட்டு உக்காருங்க," என்றது.

போலந்துக்காரி வாயிலிருந்து 'இங்கிட்டு' வரும் என்று நான் நினைக்கவில்லை. திரும்பி மகனைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான்.

"என்னம்மா வேலை பாக்குற?" என்றேன்.

நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கிரேன் ஓட்டுறேன் அத்தை," என்றது.

அப்போது மேசைக்குச் சாப்பாடு வந்துவிட்டது. வெண்ணெயில் புரட்டிய உருளைக்கிழங்கு, ரொட்டித் தூளில் தோய்த்துப் பொரித்த கோழி, கோஸ் பொரியல் போல ஒன்று. "ப்ரோஷே, ப்ரோஷே," என்றார் பொஷெனா. தயவுசெய்து என்று பொருளாம், ஆனால் சொன்ன தோரணையில் தயவு எதுவும் தெரியவில்லை. நான் இரண்டு கையையும் ஆட்டி, "நோ, நோ," என்றேன்.

அவர் முகம் மலர்ந்து என் தட்டில் இரண்டு கரண்டி போட்டார்.

"நோ, நோ, நோ," என்றேன். இன்னும் இரண்டு கரண்டி விழுந்தது, கூடவே கோழி.

மகன் அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தான். "ஆத்தா, இந்த ஊர்ல நோன்னா ஆமான்னு அர்த்தம். கொஞ்சம் குறுக்கிச் சொல்லுவாங்க, அம்புட்டுத்தான்."

"அத எப்படா சொல்லுவ? அண்டாவக் கவுத்ததுக்கு அப்பறமா?"

உலகத்தில் எல்லோருக்கும் 'இல்லை' என்று தெரிந்த ஒரு சொல்லை இவர்கள் ஆமாவுக்கு வைத்திருக்கிறார்கள். காசி தமிழ் பேசும்போதும் அப்படித்தான். "டீ குடிக்கிறியா?" என்று கேட்டால் "நோ அத்தை" என்று சொல்லிவிட்டு எடுத்துக் குடிக்கும். நான் மகனிடம், இப்பத்தான் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லச் சொன்னேன். எலுமிச்சைத் துண்டு போட்ட கட்டன் டீயை மட்டும் குடித்தேன். நிரம்பிய தட்டு என் முன்னால் ஆறிக்கொண்டே இருந்தது. வெண்ணெய் வாசனை மூக்கைத் துளைத்தது. திரும்பி வந்து மகன் அறையில் பருப்புப் பொடி சாதம் சாப்பிட்டேன். அரிமளத்திலிருந்து சுமந்து வந்த பொடி, கண்டத்தைத் தாண்டியதில் சவசவத்துப் போயிருந்தது.

இரண்டாவது நாள் மத்தியானம் மறுபடியும் அதே மேசை. இந்தத் தடவை கொழுக்கட்டை. ஆமாம், நம்முடைய பிடி கொழுக்கட்டையைத் தட்டிப் பாதியாக மடித்த வடிவம். உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும். மேலே வதக்கிய வெங்காயம். பொஷெனா காலையிலிருந்து உட்கார்ந்து நூறாவது மடித்திருப்பார். நான் வயிற்றைத் தொட்டுக்காட்டி, இப்பத்தான் சாப்பிட்டேன் என்று மறுபடியும் சொல்லச் சொன்னேன். மொழிபெயர்க்கும்போது மகன் குரல் தரையில் கிடந்தது. பொஷெனா என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

நல்லவேளையாக வீட்டுக்காரரின் போன் வந்தது. எழுந்து பால்கனிக்குப் போனேன்.

"பொண்ணு எப்படி?"

"கிரேன் ஓட்டுது."

"எம்புட்டு ஒசரம்?"

"பொண்ணா, கிரேனா?"

"ரெண்டுந்தான். சரி, அத விடு. நனைச்சியா?"

"இல்லங்க. கை நனைக்கல. நனைக்கவும் மாட்டேன். நீங்க கவலப்படாதீங்க."

பேசி முடித்துத் திரும்பினால் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் காசி நின்றிருந்தது. நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு நடந்த உபசாரத்தை எங்கள் ஊர் மாப்பிள்ளைகள் கேட்டால் பொறாமைப்படுவார்கள். குளியலறைப் பக்கம் போனால் பொஷெனா துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். நான் குடித்த தம்ளரைக் கழுவப் போனால் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். சாயங்காலம் ஆற்றங்கரைக்கு நடக்கப் போனோம். ஆலைக்குக் கீழே தடுப்பணை ஒன்று இருக்கிறது, தண்ணீர் விழுந்து சாரல் அடிக்கும். மேகமே இல்லாத வானத்தின் கீழே யான் குடையை விரித்து எனக்கும் ஆற்றுக்கும் நடுவில் நின்றுகொண்டார். மூன்று பேர் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். போலந்தில் சம்பந்தியம்மாளுக்குக் குடை பிடிப்பது மரபு போலிருக்கிறது என்று நானும் கழுத்தை நிமிர்த்தி நடந்தேன்.

திரும்பி வந்ததும் பொஷெனா பெரிய கோப்பையில் பீட்ரூட் ரசத்தை ஊற்றி, அதில் உறிஞ்சுகுழல் ஒன்றைப் போட்டு என் முன்னால் வைத்தார். ரசம் சாப்பாட்டில் சேருமா, காபியில் சேருமா என்று யோசித்தேன். விதிகளில் அதைப் பற்றித் தெளிவு இல்லை. உறிஞ்சுகுழலில் குடித்தால் கை நனையாது என்று எனக்கு நானே ஓர் ஆணை பிறப்பித்துவிட்டுக் குடித்தேன். புளிப்பும் மிளகும் சரியாக இருந்தன. முழுக்கோப்பையும் காலியாயிற்று. பொஷெனாவின் கண் கலங்கியது. ரசம் குடித்ததற்கு அழுகிறார்களே, என்ன குடும்பம் இது என்று நினைத்தேன்.

மூன்றாவது நாள் மகனுக்கு வேலை. நான் தனியாகக் கடைத்தெருவுக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பினேன். "டிக்கெட்ட மெஷின்ல குத்தணும் ஆத்தா, இல்லேன்னா பைன் போடுவாங்க," என்று பத்துத் தடவை சொல்லி டிக்கெட்டைக் கையில் கொடுத்திருந்தான். நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றது, ஏறினேன். குத்துகிற மெஷினைக் காணோம். டிரைவரிடம் டிக்கெட்டை நீட்டினேன், அவர் வேண்டாம் என்று கையசைத்தார். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இங்கேயும் அந்தத் திட்டம் வந்துவிட்டது, மகனுக்குத்தான் விஷயம் தெரியவில்லை என்று முடிவு செய்து, உரிமையோடு முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன்.

பஸ்ஸில் என்னைத் தவிரப் பெண்கள் இல்லாதது கொஞ்சம் உறுத்தியது. எல்லோரும் ஒரே நிறச் சட்டை போட்டிருந்தது இன்னும் கொஞ்சம் உறுத்தியது. பஸ் கடைத்தெருவைத் தாண்டி, இரண்டாவது பாலத்தைத் தாண்டி, நேராக ஆலையின் கேட்டுக்குள் போய் நின்றது. ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ். பட்டுப் புடவையும் குரங்குக் குல்லாவுமாக இறங்கியவளைக் காவலாளி மேலும் கீழும் பார்த்தார். இன்று எந்த ஷிப்டு என்று அவர் கேட்காததுதான் பாக்கி.

எனக்கு அங்கே தெரிந்த சொல் மூன்று. நோ வேலைக்கு ஆகாது, ப்ரோஷே பொருந்தாது. மூன்றாவதை நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். "யான்."

காவலாளி போன் செய்தார். யான் பெரிய பெரிய எட்டு வைத்து வந்தார். என் கதையைச் சைகையில் கேட்டுவிட்டுச் சிரிக்காமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை. என்னைத் தன் ஸ்டோருக்குக் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்காரவைத்தார். சுவர் முழுக்கத் தலைக்கவசம், கண்ணாடி, பூட்ஸ், விதவிதமான கையுறைகள். இரும்புக் கயிறு கையைக் கிழித்துவிடுமாம். இந்த ஊரில் யார் கையும் கிழியாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த மனிதரின் வேலை.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக என் வலது கையைத் தூக்கித் தன் உள்ளங்கைமேல் வைத்து அளவு பார்த்தார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழுப்பு நிற ரப்பர் கையுறை ஒரு ஜோடியை எடுத்தார். முழங்கை வரைக்கும் வரும். கூச்சத்தோடு என் மடியில் வைத்துவிட்டுப் போனை எடுத்து ஏதோ பேசினார். போன் தமிழில் சொன்னது:

"என் மகள் கேட்டாள். உங்கள் கை நனையக் கூடாது. அது நோய் ஆகும். நீங்கள் கையால் உண்பவர். கை கழுவ முடியாததால் எங்கள் மேசையில் உண்ண வெட்கப்படுகிறீர்கள். வெட்கம் தேவை இல்லை. இதில் நீர் புகாது."

குடை எதற்கு, துண்டு எதற்கு, உறிஞ்சுகுழல் எதற்கு என்று எனக்கு ஒரே வினாடியில் விளங்கியது. காசி தமிழ் படித்ததன் பலன். 'கை' தெரியும், 'நனைக்க மாட்டேன்' தெரியும். இரண்டையும் சேர்த்தால் சம்பந்தம் என்று எந்த நோட்டில் எழுதியிருக்கும்?

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு போனிடம் சொன்னேன். "நோய் எல்லாம் இல்லை. இது எங்கள் வழக்கம். சம்மதம் சொல்லும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டோம்." போன் அதைப் போலந்து மொழியில் எப்படிச் சொல்லித் தொலைத்ததோ, யான் மிகுந்த வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டு இன்னொரு ஜோடி கையுறையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

மத்தியானச் சங்கு ஊதியது. யான் தன் டப்பாவைத் திறந்தார். இரண்டு ரொட்டி, நடுவில் ஏதோ இறைச்சி, ஓரத்தில் வெள்ளரி ஊறுகாய். ஒரு ரொட்டியை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். யார் எதை நீட்டினாலும் வாங்காத முப்பது வருட அலுவலகப் பழக்கம், அதுவாகவே நடந்தது. அவர் ரொட்டியைத் திரும்ப உள்ளே வைத்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு சத்தம் வராமல் டப்பாவை மூடி அலமாரிக்குள் தள்ளிவிட்டார். சாப்பிட முடியாத ஒருத்தியின் முன்னால் தான் சாப்பிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு மணிநேரம் வந்தவர் போனவருக்கெல்லாம் கையுறை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருமுறை அவர் வயிறு கூப்பிட்டது எனக்கே கேட்டது. அவ்வளவு வெட்கப்பட்டு நான் எந்த நாற்காலியிலும் உட்கார்ந்ததில்லை.

சாயங்காலம் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தான். டப்பா கதைக்குச் சிரிக்கவில்லை.

"நீ ஏன்டா அவங்ககிட்ட உள்ளதச் சொல்லல?"

"என்னன்னு சொல்றது ஆத்தா? ஒங்க மகளப் பாஸ் பண்றதா பெயில் பண்றதான்னு எங்க ஆத்தா யோசிச்சுக்கிட்டு இருக்காங்க, அதுவரைக்கும் ஒங்க சோறு ஆகாதுன்னா?"

இப்படிச் சொன்னால் எந்த வழக்கமும் நன்றாக இருக்காது. நான் பொடி சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"ஒனக்கு அவளப் புடிக்கலையா?" என்றான்.

"புடிச்சிருக்கு. அதாண்டா பிரச்சன. புடிக்கலேன்னா ஒன்னையக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். நான் கை நனைச்சா நீ இங்கிட்டே இருந்துக்கிருவ. எங்களுக்குன்னு யாரு இருக்கா?"

மூன்று நாளாக நான் பூசி மெழுகியதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் கழன்று விழுந்தது. அவன் மறுத்துப் பேசவில்லை. அங்கே வந்துவிடுகிறேன் என்று பொய்யும் சொல்லவில்லை.

"வருஷத்துக்கு ஒருக்க வாரேன்," என்றான்.

"ஒருக்கவா?"

"ரெண்டு வாட்டி."

"இதுக்கு மேல ஏத்த மாட்டியா?"

"டிக்கெட் வெல தெரியுமா ஆத்தா ஒனக்கு?"

தலையைத் திருப்பிக்கொண்டேன். சோற்றை ஒதுக்கி வைத்தேன், அதற்குப் பொடியைக் குறை சொன்னேன்.

நான்காவது நாள் மத்தியானம் கடைசிச் சாப்பாடு. மறுநாள் காலையில் எனக்கு விமானம். யானின் மனம் குளிரட்டும் என்று அந்த ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டே போனேன். பட்டுப் புடவைக்கு அது எப்படிப் பொருந்தியது என்று சொல்லப் போவதில்லை. யான் பார்த்துப் பூரித்துப் போனார்.

மேசையைப் பார்த்தேன். நடுவில் அதே கொழுக்கட்டை, ஒரு வட்டில் நிறைய. ஆனால் யார் முன்னாலும் தட்டு இல்லை. ஐந்து கோப்பை, ஐந்து உறிஞ்சுகுழல். எனக்கு மட்டும் வைத்தால் நான் தனித்துப் போவேன் என்று எல்லோருமே ரசம் மட்டும் குடிப்பதாக முடிவு செய்திருக்கிறார்கள். வாசனைக்காகக் கொழுக்கட்டையை வைத்திருந்தார்கள் போலும். பொஷெனா கேட்க வேண்டுமே என்பதற்காக வட்டிலை என் பக்கம் லேசாக நகர்த்தி, நம்பிக்கையே இல்லாத குரலில், "ப்ரோஷே?" என்றார்.

"நோ," என்றேன்.

அவர் வட்டிலைத் திரும்ப இழுக்கப் போனார். மூன்று நாளில் என் 'நோ'வுக்கு 'இல்லை' என்று அர்த்தம் என்பதை அவரும் படித்திருந்தார். நான் வட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "நோ," என்று அவர்கள் ஊர்க் கணக்கில் குறுக்கிச் சொன்னேன். பிறகு கையுறை இரண்டையும் உருவிப் போட்டுவிட்டு ஒரு கொழுக்கட்டையை எடுத்து வாயில் வைத்தேன். ஒன்றோடு நிற்கவில்லை. எத்தனை என்று மகன் எண்ணினான், எனக்குச் சொல்லவில்லை.

கை முழுக்க வெண்ணெய். எழுந்து சமையலறைத் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். யான் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் துண்டோடு ஓடி வந்தார். மகன் குறுக்கே கையை நீட்டி அவரை நிறுத்தினான். பிறகு அவர்கள் மொழியில் பேச ஆரம்பித்தான். அவன் சொல்லி முடிக்கும்வரை நான் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். ஆற்றுத் தண்ணீர்தான் அந்தக் குழாயில் வருகிறது. பனிக்கட்டி மாதிரி இருந்தது. விரல் மரத்துப் போயிற்று, கண்ணிலிருந்தும் வந்தது, அதற்கும் குளிர்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பினேன். காசி முகம் சிவந்து, நோட்டைப் பார்த்தபடி இருந்தது. பொஷெனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"நாலு நாளா எங்களுக்குப் பரீட்ச வச்சீங்களான்னு கேக்குறாங்க," என்றான் மகன்.

"ஆமான்னு சொல்லு. பெயிலானது நாந்தான்னு சொல்லு."

அவன் சொன்னான். பொஷெனா என்னைக் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு என் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்து, தட்டை எடுத்துவந்து, இன்னும் ஆறு கொழுக்கட்டை போட்டார். மூன்று நாள் பாக்கியாம். யான் தன் துண்டாலேயே என் கையைத் துடைத்துவிட்டார். மற்றவர்களுக்கும் தட்டு வந்தது. எல்லோரும் சாப்பிட்டோம். யான் சாப்பிட்டதை நான் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கடையிலிருந்து வீட்டுக்காரர். போனை மேசைமேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி போட்டேன்.

"பொட்டி கட்டியாச்சா? கை எப்படி?"

"நனைஞ்சிருச்சுங்க," என்றேன்.

அந்தப் பக்கம் மூட்டை ஒன்றை இறக்கிப் போடும் சத்தம் கேட்டது. யாரோ யூரியா இருக்கா என்று கேட்டார்கள். அவருக்குப் பதில் போகவில்லை. திட்டப் போகிறார் என்று மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது. "காசி பக்கத்துல இருக்கா?"

"இருக்கு."

"சாப்ட்ருச்சான்னு கேளு."

நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. காசி போன் பக்கம் குனிந்து, தன்னால் முடிந்த அளவு தெளிவாகப் பதில் சொன்னது.

"நோ, மாமா."

"இன்னும் சாப்புடலையா?" என் வீட்டுக்காரரின் குரல் அந்தச் சமையலறை முழுக்க எழும்பியது. "அங்க என்னதான் பண்ற நீ? அந்தப் புள்ளையப் பட்டினி போட்டுட்டு நீ மட்டும் கை நனைச்சியாக்கும்?"